வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்யக் கத்துக்கலாமா? ரூ.1,500-ல் ஆரம்பிப்பது எப்படி, எங்கே காசு வீணாகும்?



சம்பளம் வந்த அன்னிக்கு ராத்திரி போனை எடுத்து ஸ்க்ரோல் பண்ணிட்டு இருப்போம். ஒரு ரீல் வரும். அழகான கண்ணாடி ஜார்ல வெள்ளை மெழுகு ஊத்துவாங்க, மேல ரெண்டு ரோஜா இதழ் தூவுவாங்க, கீழே "வீட்டில் இருந்தே மாதம் 50 ஆயிரம்"னு எழுதியிருக்கும். நம்ம கை தானா "வாங்கு" பட்டனுக்குப் போகும்.

எனக்கும் அப்படித்தான் போச்சு. ரூ.6,900-க்கு ஒரு கிட், நோ காஸ்ட் இஎம்ஐ-ல. அதுக்கு மேல ரூ.2,500-க்கு ஒரு நாள் ஒர்க்‌ஷாப். மொத்தம் ரூ.9,400. அப்போ என் சம்பளம் ரூ.30,000. கிட்ல வந்த பன்னிரண்டு கலர்ல ரெண்டைத்தான் தொட்டேன். சிலிக்கான் மோல்டுல பாதி இன்னும் பரண்லதான் இருக்கு. "நோ காஸ்ட்"னு சொன்ன இஎம்ஐ-ல ப்ராசசிங் கட்டணமும், வட்டிக்கான ஜிஎஸ்டியும் ஸ்டேட்மென்ட்ல தனியா வந்து நின்னுச்சு.

ஆனா மெழுகுவர்த்தி செய்யறதை நான் விடல. இன்னிக்கும் மாசத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யறேன், ரொம்பப் பிடிச்சிருக்கு. அதனால இந்தப் பதிவுல ரெண்டு விஷயம் பார்க்கப் போறோம். ஒண்ணு, குறைஞ்ச செலவுல இதை ஒழுங்கா கத்துக்கறது எப்படி. இன்னொண்ணு, "இதை வித்துப் பார்க்கலாமே"னு தோணுறப்ப போட வேண்டிய கணக்கு. அந்தக் கணக்கைப் போடாம ஒரு ஆர்டர் எடுத்து நான் பட்ட அடியையும் சொல்றேன்.

முதல்ல, மெழுகுவர்த்தி எப்படி எரியுது?

இது தெரிஞ்சா பாதி தப்பு பண்ண மாட்டீங்க. எரியறது திரின்னு நாம நினைக்கிறோம். உண்மையில எரியறது மெழுகுதான். சுடரோட சூட்டுல மெழுகு உருகும், உருகின மெழுகு திரி வழியா மேல ஏறும், மேல போனதும் ஆவியாகும், அந்த ஆவிதான் எரியுது. நம்ம வீட்டு அகல் விளக்குல எண்ணெய் திரியில ஏறுற அதே கதைதான்.

மெழுகுவர்த்தியை அணைச்ச உடனே மேல போற வெள்ளைப் புகையில தீக்குச்சியைக் காட்டிப் பாருங்க. திரியைத் தொடாமலே சுடர் தாவிப் பிடிக்கும். மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் சமயத்துல லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல சின்னப் பசங்களுக்காக ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் வெச்சு ஆறு சொற்பொழிவு கொடுத்தார். இந்தப் புகை விளையாட்டும் அதுல உண்டு.

இதுல நமக்கு என்ன பாடம்? திரி எவ்வளவு மெழுகை மேல இழுக்குதோ, அந்த அளவுக்குத்தான் சுடர். பாத்திரம் அகலமா இருந்து திரி சின்னதா இருந்தா, நடுவுல மட்டும் குழி விழும், ஓரத்து மெழுகு அப்படியே நிக்கும். சின்னப் பாத்திரத்துல பெரிய திரி போட்டா, சுடர் உயரமா எழும்பி கரி பிடிக்கும், ஜார் கொதிக்கும். அழகு, கலர், வாசனை எல்லாம் அப்புறம். முதல்ல திரியும் பாத்திரமும் ஒத்துப் போகணும்.

எந்த மெழுகு வாங்கலாம்?

பாரஃபின்: கச்சா எண்ணெய் சுத்திகரிப்புல கிடைக்கிறது. நம்ம மணலி சுத்திகரிப்பு ஆலையிலயும் தயாராகுது. விலை குறைவு, கட்டியா இருக்கும், மோல்டுல ஊத்தி எடுக்க நல்லது. கடையில வாங்குற சாதா மெழுகுவர்த்தி பெரும்பாலும் இதுதான்.

சோயா: சோயா எண்ணெயைக் கெட்டியாக்கிச் செய்யறது. பாரஃபினைவிட விலை அதிகம். குறைஞ்ச சூட்டுலயே உருகும், பாத்திரத்தைத் துடைக்கறதும் ஈஸி. டின், ஜார்ல ஊத்த ஏத்தது. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு என் சாய்ஸ் இதுதான்.

தேன்மெழுகு: அதுக்கே இயற்கையான வாசனை இருக்கும். ஆனா விலை ரொம்ப அதிகம். கை பழகின பிறகு பார்த்துக்கலாம்.

ரூ.1,500 பட்ஜெட்

கிட் வேண்டாம். தனித்தனியா வாங்குங்க. ரெண்டாவது தடவை நான் ஆரம்பிச்சப்ப போட்ட பில் இது (உங்க ஊர்ல, நீங்க வாங்குற நேரத்துல கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்):

- சோயா மெழுகு 1 கிலோ – ரூ.380
- டிஜிட்டல் எடை மெஷின் – ரூ.350
- சமையல் தெர்மாமீட்டர் – ரூ.250
- வாசனை எண்ணெய் 50 மி.லி. – ரூ.220
- 100 மி.லி. டின் டப்பா 6 – ரூ.180
- அடித்தகடு வெச்ச பருத்தித் திரி 20 – ரூ.120

மொத்தம் ரூ.1,500. உருக்கறதுக்கு வீட்டுல இருக்கிற பழைய எவர்சில்வர் பாத்திரம் ரெண்டு போதும். ஆனா அதைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீங்க. அம்மாகிட்ட சொல்லிட்டு எடுங்க, இல்லன்னா அது தனிப் பிரச்சனை.

இந்த ஒரு கிலோ மெழுகுல கிட்டத்தட்ட 12 சின்ன மெழுகுவர்த்தி வரும். டின் ஆறுதானே இருக்குன்னு கவலைப்படாதீங்க. எரிச்சு முடிச்ச டின்னைத் துடைச்சு மறுபடியும் ஊத்தலாம்.

எடை மெஷின்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம். "ரெண்டு ஸ்பூன், அரை டம்ளர்"னு அளந்தா, நல்லா வந்த மெழுகுவர்த்தியைத் திரும்பச் செய்ய முடியாது.

செய்முறை

1. அளவு: டின்ல எந்த மட்டம் வரைக்கும் மெழுகு வேணுமோ அது வரை தண்ணி ஊத்தி, தண்ணியோட எடையைப் பாருங்க. அதை 0.9-ஆல பெருக்குங்க. 90 கிராம் தண்ணி பிடிச்சா, சுமார் 80 கிராம் மெழுகு. பிறகு டின்னை ஈரம் இல்லாம நல்லா காய வைங்க.

2. திரி: அடித்தகட்டை ஒரு சொட்டு பசை வெச்சு டின்னோட நடுவுல ஒட்டுங்க. மேல துணி கிளிப்புல திரியைக் கவ்வி நேரா நிறுத்துங்க. திரி சாஞ்சா சுடரும் ஒரு பக்கம்தான் எரியும்.

3. உருக்குறது: பெரிய பாத்திரத்துல தண்ணி, அதுக்குள்ள சின்னப் பாத்திரத்துல மெழுகு. நேரடியா அடுப்புல வைக்கவே கூடாது. இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தா இன்னும் நல்லது, பக்கத்துல தீ இருக்காது. மெழுகுக்குள்ள தண்ணி தெறிக்காம பார்த்துக்கோங்க. 75–80 டிகிரி வந்ததும் இறக்கிடலாம்.

4. வாசனை: மெழுகு எடையில 8% போதும். 80 கிராமுக்கு 6 கிராம் சொச்சம். பாக்கெட்ல அதிகபட்ச அளவு போட்டிருப்பாங்க, அதைத் தாண்டாதீங்க. நிறைய ஊத்தினா வாசனை கூடாது, எண்ணெய் தனியா கசியும். ஊத்தினதும் ரெண்டு நிமிஷம் மெதுவா கலக்குங்க.

5. ஊத்துறது: 55–60 டிகிரிக்கு ஆறினதும் மெதுவா ஊத்துங்க. ஃபேன் காத்து படாத இடத்துல ராத்திரி முழுக்க விடுங்க. ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, வெடிப்பு விழும்.

6. காத்திருக்கிறது: சோயா மெழுகுக்கு ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் கொடுங்க. மறுநாளே ஏத்திட்டு "வாசனையே வரல"னு நினைக்கிறவங்க நிறைய பேர். நானும் அதுல ஒருத்தன்.

முதல் மூணு மெழுகுவர்த்தியை வாசனை இல்லாமலே செய்யுங்க. கை பழகும், விலை அதிகமான எண்ணெயும் வீணாகாது.

தப்பு வந்தா என்ன காரணம்?

நடுவுல குழி, ஓரத்துல மெழுகு நிக்குது: திரி சின்னது. இல்லன்னா முதல் தடவை ஏத்தினப்ப சீக்கிரம் அணைச்சிருப்பீங்க. முதல் தடவை மெழுகு ஓரம் வரைக்கும் உருகுற வரை எரிய விடணும்.

திரி நுனியில காளான் மாதிரி கரி: திரி பெருசு, இல்லன்னா வெட்டாம ஏத்தியிருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் 5 மில்லிமீட்டர் விட்டு மீதியை வெட்டுங்க.

திரி பக்கத்துல பள்ளம்: ரொம்பச் சூடா ஊத்தினது. கொஞ்சம் மெழுகை உருக்கி மேல ஊத்தினா சரியாகும்.

மேல வெள்ளையா பூத்த மாதிரி: சோயா மெழுகோட இயல்பு. எரியறதுக்கு எந்தப் பாதிப்பும் இல்ல.

பாதுகாப்பு: இதைத் தாண்டிப் போகாதீங்க

மெழுகு தீப்பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது. சூடான எண்ணெய்ல தண்ணி பட்ட மாதிரி தீ சீறி எழும்பும். அடுப்பை அணைச்சு, பாத்திரத்தைத் தட்டு போட்டு மூடணும். அதனால உருக்க ஆரம்பிக்கும் முன்னாடியே மூடியைப் பக்கத்துல எடுத்து வைங்க. மெழுகு அடுப்புல இருக்கிறப்ப ஆபீஸ் கால் வந்தாலும் அடுப்பை அணைச்சுட்டுப் போங்க.

பாடி ஸ்ப்ரே, சென்ட் இதெல்லாம் ஊத்தாதீங்க, அதுல ஆல்கஹால் இருக்கு. ஃபுட் கலர் மெழுகுல கரையாது. க்ரேயான் போட்டா திரி அடைச்சுக்கும். ரீல்ல வர்ற அந்த ரோஜா இதழும் காஞ்ச பூவும் பார்க்க அழகு, ஆனா திரி பக்கத்துல அதுவே இன்னொரு திரியா மாறி எரியும். மெல்லிசான கண்ணாடி டம்ளர் சூட்டுல விரிசல் விடும். மிச்ச மெழுகை சிங்க்ல ஊத்தினா குழாய் அடைச்சுக்கும், பேப்பர்ல துடைச்சுக் குப்பையில போடுங்க.

பிஜி-ல, ஹாஸ்டல்ல இருக்கிறவங்க முதல்ல ஓனர்கிட்ட கேளுங்க. பல இடத்துல ரூம்ல தீ ஏத்தறதே கூடாது. ஊருக்குப் போறப்ப வீட்டுல செஞ்சு பாருங்க.

இப்போ காசு விஷயத்துக்கு வருவோம்

சின்ன டின்ல நாலஞ்சு நல்லா வந்ததும் ஆபீஸ்ல ஒரு அக்கா கேட்டாங்க, "தம்பி, தங்கச்சி வளைகாப்புக்கு ரிட்டர்ன் கிஃப்டா 40 செஞ்சு தர்றியா? கண்ணாடி ஜார்ல வேணும்." 250 ரூபாய்னு சொன்னேன். 40 பெருக்கல் 250, பத்தாயிரம்! மனசுக்குள்ள அப்பவே வேலையை ரிசைன் பண்ணிட்டேன்.

இப்போ ஒரு ஜாரோட உண்மையான செலவைப் பாருங்க:

- மெழுகு 160 கிராம் – ரூ.61
- மூடியோட கண்ணாடி ஜார் – ரூ.55
- வாசனை எண்ணெய் 13 கிராம் – ரூ.39
- பெட்டி – ரூ.25
- திரி – ரூ.6
- லேபிள், எச்சரிக்கை ஸ்டிக்கர் – ரூ.5
- கரன்ட் – ரூ.2

கூட்டினா ரூ.193. உடையறது, சிந்துறது, திரும்பச் செய்யறதுக்கு 10% சேர்த்தா ரூ.212. வித்த விலை ரூ.250. ஒரு ஜாருக்கு மிச்சம் ரூ.38. நாப்பதுக்கு ரூ.1,520.

நேரம்? பாரிமுனைக்குப் போய் ஜார் வாங்கிட்டு வந்தது 3 மணி நேரம். உருக்கி ஊத்தினது 12 மணி நேரம். லேபிள் ஒட்டி பேக் பண்ணது 5 மணி நேரம். மொத்தம் 20. ஒரு மணி நேரத்துக்கு 76 ரூபாய். அப்போ என் ஆபீஸ் சம்பளத்தை மணிக்கணக்குல போட்டா (22 நாள், நாளுக்கு 9 மணி நேரம்) சுமார் 151 ரூபாய். அதாவது என் ரெண்டு வார லீவு நாளை, ஆபீஸ் எனக்குக் கொடுக்கிறதுல பாதி விலைக்கு நானே வித்திருக்கேன்.

கதை இதோட முடியல. சின்ன டின்ல நல்லா எரிஞ்ச அதே திரியைத்தான் 7 செ.மீ. அகலமான ஜார்லயும் போட்டேன். டெஸ்ட் பண்ணல, நேரம் இல்ல. விழா முடிஞ்சு ரெண்டு வாரத்துல அக்கா வந்து, திட்டல, மெதுவா சொன்னாங்க: "கொஞ்சம் பேர் சொல்றாங்கப்பா, நடுவுல குழி விழுந்து தானா அணைஞ்சுடுதாம்." அவங்க சொன்னது 11 ஜார். 2,750 ரூபாயை யுபிஐ-ல திருப்பி அனுப்பினேன். 1,520 லாபம் போய், கையில இருந்து 1,230 நஷ்டம். சொல்லாம விட்டவங்க எத்தனை பேரோ, அது வேற. அக்கா அவங்க சொந்தக்காரங்க முன்னாடி பட்ட சங்கடத்துக்கு எந்த யுபிஐ-லயும் காசு அனுப்ப முடியல.

டெஸ்ட்னா என்ன? ஒரு ஜாரை 4 மணி நேரம் எரிச்சு, அணைச்சு, முழுசா ஆறவிட்டு, திரியை வெட்டி, மறுபடியும் 4 மணி நேரம். அடியில ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சுற வரைக்கும் இப்படியே. ஒவ்வொரு தடவையும் எடை போட்டா ஒரு மணி நேரத்துல எத்தனை கிராம் எரியுதுன்னு தெரியும். மணிக்கு 5 கிராம் எரிஞ்சா, 160 கிராம் ஜாருக்குக் கிட்டத்தட்ட 30 மணி நேரம். தினமும் சாயந்திரம் ஏத்தினாலும் ஒரு வாரம் ஆகும். அதுவும் ஃபேன் போடாம! ஃபேன் காத்துல சுடர் சாஞ்சு ஒரு பக்கம் மட்டும் உருகும், டெஸ்ட் செல்லாது. சென்னை மே மாசத்துல இதைப் பண்ணிப் பாருங்க, தெரியும்.

ஜார் மாறினாலோ, வாசனை மாறினாலோ, மெழுகு மாறினாலோ மறுபடியும் முதல்ல இருந்து டெஸ்ட். "மாதம் 50 ஆயிரம்" ரீல்ல இந்த ஒரு வாரத்தை யாரும் காட்ட மாட்டாங்க.

அப்போ நான் என்ன ரூல் வெச்சிருக்கேன்?

ஒண்ணு: பொழுதுபோக்குக்குனு மாசம் ஒரு தொகை. எனக்கு 500 ரூபாய். மாசத் தொடக்கத்துலயே தனி அக்கவுன்ட்டுக்குப் போயிடும். தீர்ந்தா அடுத்த மாசம்தான். இது எஸ்ஐபி-யும், எமர்ஜென்சி ஃபண்டுக்கான பணமும் போன பிறகு.

ரெண்டு: இஎம்ஐ, கிரெடிட் கார்டு கடன், "அப்புறம் கட்டலாம்" எதுவும் கிடையாது. ஒரு பொழுதுபோக்கு பிடிக்குமா பிடிக்காதான்னு தெரியறதுக்கே ரெண்டு மாசம் ஆகும். ஆறு மாச இஎம்ஐ-ல மாட்டினா, பிடிக்காமப் போன பிறகும் நாலு மாசம் கட்டணும்.

மூணு: முதல் கிலோ தீராம ரெண்டாவது கிலோ வாங்கறதில்ல. "2 கிலோ வாங்கினா 15% தள்ளுபடி"ங்கறது, பயன்படுத்தாத ஒரு கிலோவுக்கும் காசு கொடுக்கிறதுதான்.

நாலு: முழுசா ஒரு தடவை எரிச்சுப் பார்க்காத டிசைனை யாருக்கும் விக்கறதில்ல. இலவசமா கொடுக்கிறதா இருந்தாலும், "இது டெஸ்ட் பீஸ், எப்படி எரியுதுன்னு சொல்லுங்க"னு சொல்லித்தான் கொடுக்கறேன்.

அஞ்சு: விலை சொல்றதுக்கு முன்னாடி என் மணி நேரத்துக்கும் சம்பளம் போடறேன். மேல சொன்ன ஜாருக்கு அரை மணி நேர உழைப்பு, என் கணக்குல 75 ரூபாய். 212 கூட்டல் 75, ரூ.287. அதுக்குக் கீழ வித்தா நான் வாங்கறவங்களுக்கு மானியம் கொடுக்கறேன்னு அர்த்தம்.

விக்கறதா இருந்தா இந்த மூணையும் பாருங்க

ஆபீஸ் அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல வேற தொழில் செய்யக் கூடாதுன்னு இருக்கான்னு படிங்க. பல கம்பெனியில இருக்கும், ஹெச்ஆர்கிட்ட எழுத்துல கேட்டுக்கறது நல்லது.

வர்ற லாபம் வியாபார வருமானம். சம்பளத்துக்கு மட்டும் தாக்கல் பண்ற ஐடிஆர்-1ல இதைக் காட்ட முடியாது. சின்ன அளவுன்னா உத்தேச வருமான முறையில ஐடிஆர்-4 இருக்கு. ஜிபே-ல வந்ததுதானேன்னு விடாதீங்க.

தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் பொருள் விக்கறவங்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினாதான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆனா வெளி மாநிலத்துக்கு அனுப்பறது, ஆன்லைன் தளத்துல விக்கறது எல்லாத்துக்கும் விதி வேற. அதுல இறங்கும் முன்னாடி ஒரு ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை பேசிடுங்க.

அப்போ இதுல லாபமே இல்லையா?

எனக்கு இருக்கு. முன்னாடி ஞாயிற்றுக்கிழமைன்னா மால், காபி, ஏதாவது ஒரு ஆஃபர்னு ஆயிரம் ரூபாய் எங்க போச்சுன்னே தெரியாம போகும். இப்போ அந்த ஒரு ஞாயிறு முழுக்க 100 ரூபாய் மெழுகோட போயிடுது. போனைத் தொட முடியாது, கையெல்லாம் மெழுகு. பிறந்தநாள், கிரகப்பிரவேசம்னு போறப்ப கடைசி நேரத்துல 600 ரூபாய்க்கு எதையோ வாங்கற பழக்கமும் குறைஞ்சிருக்கு.

போன மாசம் ஊருக்குப் போனப்ப ராத்திரி கரன்ட் போச்சு. அம்மா இன்வெர்ட்டரைக்கூடப் பார்க்கல, நேரா போய் என் டின் மெழுகுவர்த்தியை எடுத்து ஏத்தினாங்க. ஓரம் வரைக்கும் சீரா உருகிச்சு. ரூ.9,400 கட்டிக் கத்துக்காததை, ரூ.1,500-ல கத்துக்கிட்டேன்னு அப்பதான் தோணுச்சு.

உங்களுக்கும் ஆசை இருந்தா, அடுத்த சம்பளத்துல 1,500 ரூபாயைத் தனியா எடுத்து வைங்க. ஒரு கிலோ மெழுகு, ஆறு டின். அது தீர்ற வரைக்கும் வேற எதுவும் வாங்காதீங்க. தீர்ந்த பிறகும் ஆசை இருந்தா, அடுத்த கிலோவுக்குப் போங்க.

ஜார் செலவுக் கணக்கை எக்செல் ஷீட்ல எப்படிப் போடறதுன்னு நம்ம சேனல் வீடியோவுல ஸ்டெப் பை ஸ்டெப்பா காட்டியிருக்கேன். உங்க பொழுதுபோக்கு பேக்கிங்கா இருந்தாலும், எம்பிராய்டரியா இருந்தாலும் அதே ஷீட்தான். மெழுகு இருக்கிற இடத்துல உங்க பொருளோட பேரையும் விலையையும் போட்டுக்கோங்க.